பதினேழாம் நம்பர் சாம்பிள்

மதியம் ஒன்று ஐம்பதுக்கு அமலி நுண்ணோக்கியில் கண்ணை வைத்தபோது ஒன்றுமே தெரியவில்லை. நல்ல கறுப்பு, அடுப்புக்கரியை அரைத்துப் பூசின மாதிரி. அதில் அவளுடைய இமைமயிர் மட்டும் மேலும் கீழுமாக வந்து போனது. நல்லதுதான், இப்போதைக்கு ஒன்றும் தெரியக்கூடாது. இரண்டு கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவில் எள்ளளவு பிளாஸ்டிக். அதை நூற்றெண்பது டிகிரியில் ஐந்து நிமிடம் உருக்கி, அதன் பழைய ஞாபகத்தையெல்லாம் அழித்து (ஞாபகம் என்றேதான் இந்தத் துறையில் சொல்வார்கள், முன்பு எப்படி உறைந்தோம் என்பது உருகிய பிறகும் கொஞ்சநேரம் அதற்கு மறக்காதாம்) இப்போது நூற்றுப் பத்துக்கு இறக்கி நிறுத்தியிருக்கிறாள். இனி ஐம்பது நிமிடம் போல அவள் செய்வதற்கு எதுவும் இல்லை, பார்க்க வேண்டும், அவ்வளவுதான். உருகிக் கிடக்கிறவரை பிளாஸ்டிக் இருட்டாகவே தெரியும், படிகமாகத் தொடங்கின இடம் மட்டும் வெள்ளையாக எரியும், அப்படித்தான் வெளிச்சத்தை வடிகட்டி வைத்திருக்கிறது. தரமணியில் இந்த ஆய்வுக்கூடத்துக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது, இந்த இருட்டை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள், ஆனாலும் இன்று கைவிரல்கள் சில்லென்று இருந்தன, ஏசியாலா, இல்லை, ஏசி இருபத்தாறில்தான் ஓடுகிறது, நேற்றே ரிமோட்டைத் தேடி எடுத்து அவளே ஏற்றி வைத்தாள். ஐந்து நிமிடம் போதுமாம் ஞாபகம் அழிய. கொடுத்துவைத்த பொருள். மனுஷிக்கு நாலு மாதம் ஆகியும் அழிவதாக இல்லை. சே, அதை இப்போது நினைக்கக்கூடாது, படிகத்தை நினை, சங்கிலியை நினை.

சங்கிலி என்றால் கழுத்துச் சங்கிலியை விடக் கண்ணிகள் எத்தனையோ மடங்கு அதிகமான ஒன்று, ஆயிரக்கணக்கான எத்திலீன் துண்டுகள் கைகோத்து நிற்கிற நூல். வெறும் எத்திலீனாக இருந்தால் அந்த நூல் மடிந்து மடிந்து அழகாக அடுக்கிக்கொள்ளும், அதுதான் படிகம். ஆனால் ஆக்டீன் என்று இன்னொன்றை இடையிடையே சேர்த்தால் நூலிலிருந்து பக்கவாட்டில் குட்டிக் கிளைகள் நீட்டிக்கொண்டு நிற்கும், கிளை இருக்கிற இடம் மடிப்புக்குள் போகாது, முரண்டு பிடிக்கும், பிளாஸ்டிக் மிருதுவாகிவிடும், ஆனால் கொஞ்சம் சூடு பட்டாலே இளகிவிடும். மிருதுவாகவும் வேண்டும், கொதிக்கிற தண்ணீரில் போட்டால் இளகாமலும் வேண்டும் என்றால்? தங்கை ரெஜினாவின் கல்யாணத்தன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு முடிந்து அவளுடைய புடவைகளை மடித்து வைக்கும்போதுதான் அமலிக்கு அது கண்ணில் பட்டது என்று சொல்லலாம், படித்ததுதான், கட்டுரைகளில் எத்தனையோ முறை படித்ததுதான், ஆனால் கையில் பட்டது அன்றைக்குத்தான். இரண்டு புடவை, இரண்டிலும் ஏறக்குறைய அதே அளவு கல். ஒன்றில் உடம்பு முழுக்க இறைத்திருந்தது, எப்படி மடித்தாலும் கல்லின் மேல் கல் ஏறித் தூக்கிக்கொண்டு நின்றது, பீரோவில் அடங்கவே மாட்டேன் என்றது. இன்னொன்றில் கல் எல்லாம் முந்தியில் கூடியிருந்தது, மிச்ச நீளம் வெறும் பட்டு, மடிக்க மடிக்க வாகாக வந்தது. எவ்வளவு கல் என்பதில் இல்லை, எங்கே இருக்கிறது என்பதில் இருக்கிறது! கிளைகளை இறைக்காமல் ஓரிடத்தில் கூட்டிவிட்டால் சங்கிலியின் மிச்ச நீளம் மடியும், இறைத்தது எழுபது டிகிரிக்கு மேல் உறையவே உறையாது என்றால் இது நூற்றுப் பத்திலும் உறையும். "ரெஜி, ஏட்டி, இங்க பாரேன், இந்த முந்தியப் பாரு" என்று அவள் கத்த, தலையிலிருந்து இருபத்திரண்டு கொண்டை ஊசிகளை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்த ரெஜினா கண்ணாடியிலேயே அவளைப் பார்த்து, "அக்கா, இன்னைக்கு எனக்குக் கல்யாணம்" என்றாள். அதை நினைத்து அமலி இப்போது தனியாக, வாய்விட்டே சிரித்தாள், சிரித்ததில் நெற்றி கருவியில் இடித்து இருட்டு ஒரு ஆட்டம் ஆடி நின்றது. இரண்டு மணி மூன்று நிமிடம். ஒன்றும் இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தால் கண்ணே புள்ளி புள்ளியாக உண்டாக்கும், அதை நம்பக்கூடாது, இமைத்துவிட்டுப் பார்க்க வேண்டும், இமைத்தாள், இல்லை.

ஊரிலிருந்து திரும்பி வந்து, அந்த யோசனைப்படி கிளைகளைக் கூட்டி, கீழே கொட்டகையில் இருக்கிற ரியாக்டர் என்கிற எஃகுக் கலனில் செய்ததில் பதினேழாவது சாம்பிள் இது. பதினாறு சாம்பிள்கள் ஒன்றுக்கும் உதவவில்லை. பதினேழாவதைச் சூட்டளவு வரைபடத்தில் போட்டுப் பார்த்தபோது நூற்றுப் பதினெட்டு டிகிரிக்குப் பக்கத்தில் படிகம் உருகுவதைக் காட்டுகிற ஒரு சின்ன மேடு, எறும்புப் புற்று மாதிரி, ஆனால் மேடுதான், அந்த அச்சுத்தாளைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் இரண்டிரண்டாக ஓடினாள். பேராசிரியை வசுந்தரா தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், "பதினேழுக்கு முன்னாடி அந்த ரியாக்டர்ல என்ன ஓடிச்சு?" என்றார். வெறும் பாலிஎத்திலீன் ஓடியிருந்தது, ஆக்டீனே சேராதது. "அப்ப அதுல ஒட்டின மிச்சம் இதுல கலந்திருக்கு. கழுவினது சரியில்லை. உன் சங்கிலி இல்லம்மா இது." கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அவர் சொன்னதற்கு வாய்ப்பும் இருந்தது, துளி பாலிஎத்திலீன் போதும், அந்த மேடு வந்துவிடும். வாராந்திரக் கூட்டத்தில் எட்டுப் பேர் முன்னால் அதையே மறுபடி சொன்னார், ரியாக்டரைப் பார்த்துக்கொள்கிற ஏகாம்பரத்துக்கு ஒரு கடிதம் போனது, இனிமேல் கவனமாகக் கழுவவும் என்று இரண்டே வரி. இருபத்தாறு வருஷமாக இங்கே வேலை பார்க்கிற மனிதர், வியாசர்பாடியிலிருந்து பஸ் மாறி வந்து எட்டரைக்கெல்லாம் கொட்டகையைத் திறந்துவிடுகிறவர், குழாயை ஸ்பேனரால் ஒரு தட்டுத் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டு, "உள்ள ஏதோ அடைச்சிருக்குங்க" என்று சொன்னால் அடைத்துத்தான் இருக்கும். கடிதத்தை வாங்கிப் படித்தார், நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார், அமலியை ஒரு தடவை பார்த்தார். அந்த ஒரு தடவை. அவள் மேசையில் இருந்த பேனாவைப் பார்த்தாள். பேனாவின் மூடியில் பல்தடம் இருந்தது, அவளுடைய பல்லே. நாலு மாதமாக அந்தப் பேனா மூடிதான், எதை நினைக்கப் போனாலும் நடுவில் வந்து நிற்கிறது, ஏனென்றால் பதினேழைச் செய்வதற்கு முந்தின நாள் ஏகாம்பரம் மூன்று முறை கொதிக்கிற கரைப்பானில் அந்த ரியாக்டரைக் கழுவி, நைட்ரஜனால் ஊதி, உள்ளே ஒரு வெள்ளைத் துணியை விட்டு எல்லாப் பக்கமும் துடைத்து வெளியே எடுத்து, அவள் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டியிருந்தார். "பாருங்க, மாப்ளை வேட்டி." துணி அவ்வளவு வெள்ளையாக இருந்தது. அதைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். நான் பார்த்தேன் மேடம், சுத்தமாக இருந்தது மேடம். ஆறே வார்த்தை, சொல்லியிருந்தால் மூச்சுவிடுகிற நேரம்கூட ஆகியிருக்காது. ஏன் வரவில்லை? மேடமுக்குப் பயந்தா, அதுவும்தான், ஆனால் அது மட்டும் இல்லை, துணி வெள்ளையாக இருந்தாலும் எங்கேயாவது ஒரு இடுக்கில் மிச்சம் இருந்திருக்குமோ என்று அவளுக்கே அந்த நிமிஷத்தில் ஒரு சந்தேகம், அந்தச் சந்தேகம் வசதியாக இருந்தது, அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டாள்.

இந்தச் சோதனையை அப்போதே செய்திருக்கலாம். கஷ்டமே இல்லை, ஒரு மதியம் போதும். மிச்சம் கலந்ததுதான் என்றால் உறைவது அந்த மிச்சம் மட்டும்தான், இருட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நாலு வெள்ளைப் புள்ளிகள் வந்து வளர்ந்து நின்றுவிடும், சுற்றிலும் கறுப்பு அப்படியே கிடக்கும். அவளுடைய சங்கிலிதான் என்றால் ஒவ்வொரு சங்கிலியிலும் மடிகிற நீளம் இருக்கிறது, எல்லாச் சங்கிலியும் சேரும், வெள்ளை பரவிப் பரவிக் கறுப்பே இல்லாமல் நிரம்பிவிடும். இவ்வளவுதான் வித்தியாசம். சின்னப் பிள்ளைக்குக்கூடப் பார்த்தால் தெரியும். இது தோன்றாமல் போனது எப்படி? தோன்றியது, இரண்டாம் வாரமே தோன்றியது, மேசை இழுப்பறையில் பதினேழின் குப்பி இருப்பதும் தெரியும், மேடம் தூக்கிப் போடச் சொன்னதை அவள் போடவில்லை. இழுப்பறையைத் திறப்பாள், ஸ்டேப்ளரை எடுப்பாள், மூடுவாள். புள்ளிகள் மட்டும் வந்தால் நாலு வருஷ உழைப்பு போச்சு. நிரம்பினால் அந்த மனிதரை அநியாயமாக நிற்கவிட்டது நிஜமாகிவிடும். எந்தப் பக்கம் விழுந்தாலும் அடி என்று நினைத்திருந்தாள், இன்று காலை பஸ்ஸில் நிற்கும்போது, எஸ்.ஆர்.பி. டூல்ஸ் நிறுத்தத்தில் ஒரு பெண் தன் மடியிலிருந்த பையை அமலியின் பக்கம் திருப்பி, "உன் பையையும் இதுமேல வையி, ஏன் தூக்கினு நிக்கிற" என்றாளே, அப்போது என்னவோ ஆயிற்று, சம்பந்தமே இல்லை, பையை வைத்ததும் தோள் லேசாயிற்று, சரி, இன்றைக்குப் பார்த்துவிடலாம் என்று தோன்றிவிட்டது. அவ்வளவுதான் காரணம். கட்டுரையில் எழுத முடியாது.

போன் அதிர்ந்தது, அப்பா. தூத்துக்குடியில் உப்பளத்தில் கங்காணி, மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு அழைப்பு தப்பாமல் வரும். கண்ணை எடுக்காமலே போனைக் காதில் இடுக்கிக்கொண்டாள். "ஏட்டி, சாப்ட்டியா?" "இல்லப்பா, வேலை." "என்னட்டி அப்படி வேலை?" "பிளாஸ்டிக் உறையுதான்னு பாத்துக்கிட்டு இருக்கேன்." அந்தப் பக்கம் ஒரு யோசனை, காற்றின் இரைச்சல், யாரோ லாரியைப் பின்னால் எடுக்கிறார்கள். "எம்புட்டு நேரமாப் பாக்கே?" "இருபது நிமிசமா." "இருபது நிமிசமா! நாங்க வாரக்கணக்கா வெயில்ல நின்னு பாக்கோம். அவரவர் ஏசியில இருந்துகிட்டு..." என்று அவர் சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பு இருமலாகி, இருமல் திரும்பச் சிரிப்பாகி, அவளும் சிரிக்க, அந்தச் சிரிப்புக்கு நடுவில் இடது ஓரத்தில், கடிகாரத்தில் பத்து மணி இருக்குமே அந்த இடத்தில், ஏதோ இருந்தது. இமைத்தாள். இருந்தது. "அப்பா, வைக்கேன்." "ஏன், என்னாச்சு?" "வைக்கேன்ப்பா, வைக்கேன்." வெள்ளை, ஊசிமுனையைவிடச் சின்னது, இரண்டு மணி பதினான்கு என்று நோட்டில் எழுதும்போது நான்கின் கால் வழுக்கிக்கொண்டு பக்கத்துக் கட்டத்துக்குப் போயிற்று. தூசியாக இருக்குமோ, தூசி என்றால் முதலிலேயே தெரிந்திருக்கும். வளர்கிறதா? வளர்ந்தது. நடுவில் ஒரு கறுப்புச் சிலுவையோடு, நாலு இதழ் வெள்ளைப் பூவாக, உருண்டையாக, மெதுவாக. ஒன்றே ஒன்று. ஒன்று என்றால் மிச்சம் என்றும் சொல்லலாமே, வசுந்தரா மேடம் இப்போது பக்கத்தில் இருந்தால் அதைத்தான் சொல்வார், "ஒண்ணுதானே?" சரியாக அதே குரலில் காதில் கேட்டது. இரண்டு மணி பதினேழு, இன்னொன்று, வலது கோடியில். அப்புறம் வெகுநேரம் ஒன்றும் இல்லை, அல்லது வெகுநேரம் போல இருந்தது, இந்த இரண்டோடு நின்றுவிடுமோ, இரண்டு பொட்டுகள், அகண்ட இருட்டு, அந்த நேரம் பார்த்து மின்சாரம் வேறு கண்ணடித்தது, விளக்கு அணைந்து வந்தது, ஏசி நின்றது, "ஐயோ வேண்டாம் மாதாவே" என்று சத்தமாகவே சொல்லிவிட்டாள், சூட்டுமேடையின் எண்கள் நூற்றுப் பத்திலேயே நின்றன, பேட்டரி பிடித்துக்கொண்டது, அதற்கு அடியில் ஒட்டியிருந்த சீட்டில் ஏகாம்பரத்தின் உருண்டைக் கையெழுத்து, புது பேட்டரி மாத்தியாச்சு, போன மாதத் தேதி. யாரும் சொல்லாமல் மாற்றியிருக்கிறார்.

அதற்கப்புறம் எண்ணிக்கையை விட்டுவிட்டாள். மூன்று, நான்கு, அதோ நடுவில் ஒன்று, நோட்டில் எழுதலாம் என்று கண்ணை எடுத்துத் திரும்புவதற்குள் இரண்டு, மேலே, கீழே, முதலில் வந்தது பாதிப் பார்வையை அடைத்துக்கொண்டு வளர்ந்திருந்தது. கோடைமழையின் முதல் துளிகள் சிமெண்ட் தரையில் விழுந்து விழுந்து ஒன்றையொன்று தொடுமே, அந்த வேகம் இல்லை, ஆனால் அந்தத் தீர்மானம் இருந்தது. இரண்டு உருண்டைகள் சந்தித்தன. சந்தித்த இடத்தில் என்ன இருக்கிறது, அதுதான் கேள்வி, நடுவில் கறுப்புச் சந்து இருக்கிறதா, திருகைத் திருப்பிக் கூர்மையாக்கினாள், இல்லை, முதுகோடு முதுகாக ஒட்டி ஒரு நேர்க்கோடு மட்டும், மயிரிழைக் கோடு, சந்து இல்லை. இன்னொரு ஜோடி சந்தித்தது, அங்கேயும் கோடுதான். மேடையை நகர்த்தி வேறு இடம் பார்த்தாள், அங்கேயும் அதே கூட்டம், அதே நெருக்கம், இது மிச்சம் இல்லை, எந்த மிச்சத்துக்கு இவ்வளவு ஆள்பலம் உண்டு, இது சங்கிலி, எல்லாச் சங்கிலியும், பதினேழாம் நம்பர் முழுவதும் எழுந்து வருகிறது. பசி அப்போதுதான் தெரிந்தது, சிரிப்பு, அழுகை, இன்னும் திறக்காத டப்பாவின் எலுமிச்சைச் சாதம் எல்லாம் ஒரே நேரத்தில் நெஞ்சுக்குள் முட்டிக்கொண்டு நின்றன. மேடமைக் கூப்பிட வேண்டும். கை மேசைத் தொலைபேசியை எடுத்துவிட்டது, மேடமின் அறை எண் இரண்டு ஒன்று ஐந்து, விரல் இரண்டை அழுத்தியது, நின்றது. துண்டித்துவிட்டு ரியாக்டர் கொட்டகையின் எண்ணை அழுத்தினாள். நாலு மணியொலிக்குப் பிறகு, "ஏகாம்பரம்." "அண்ணே, நான் அமலி. மேல மைக்ராஸ்கோப் ரூமுக்குக் கொஞ்சம் வர்றீங்களா? இப்பவே." "ரிப்பேருங்களா மேடம்? ஸ்பேனர் எடுத்துகினு வரவா?" "ரிப்பேர் இல்ல. சும்மா வாங்க."

சும்மா வரச் சொன்னதில்லை யாரும் அவரை, அதனால் ஸ்பேனரோடுதான் வந்தார். ஐம்பத்துமூன்று வயது, காக்கிச் சட்டையில் கரைப்பான் வாசனை, வாசலிலேயே செருப்பைக் கழற்றி நின்றார். அமலி எழுந்து நாற்காலியை விட்டாள். "உக்காந்து பாருங்க." "நானா?" "நீங்கதான்." தயங்கித் தயங்கி உட்கார்ந்து, ஸ்பேனரை மடியில் வைத்துக்கொண்டு குனிந்தார். முதலில் ஒன்றும் பிடிபடவில்லை போலிருக்கிறது, அவள் திருகை அவருடைய கண்ணுக்குத் தகுந்த மாதிரி கொஞ்சம் திருப்பினாள், "ம்" என்றார், அப்புறம் இன்னொரு "ம்", அது வேறு மாதிரி. "இன்னா மேடம் இது, பூ பூவா?" "நீங்க கழுவின ரியாக்டர்ல செஞ்சது. பதினேழு. அழுக்கு கலந்திருந்தா இடையில கறுப்பு நிக்கணும் அண்ணே. எங்கேயாவது நிக்குதா பாருங்க." அவர் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அவருடைய காதுக்குப் பின்னால் நரைத்த மயிரும், கழுத்தில் ஒரு பழைய தீக்காயத் தழும்பும் தெரிந்தன, இவ்வளவு கிட்டத்தில் அவரை இதுவரை பார்த்ததே இல்லை. "கீழ மூலையில கொஞ்சம் கறுப்பா கீது" என்றார் மெதுவாக. "அதுவும் இப்ப மூடிரும்." வசுந்தரா மேடமிடம் அவளே போய்ச் சொல்லப் போகிறாள், துணியையும் சேர்த்து, எட்டுப் பேர் முன்னால், நாளைக்குக் கூட்டம் இருக்கிறது, அதை முதலில் இவரிடம் சொல்லிவிட வேண்டும், எப்படித் தொடங்குவது, நாலு மாதமாக மனசுக்குள் பேசிப் பேசிப் பார்த்த வாக்கியங்கள் ஒன்றும் கைக்குக் கிடைக்கவில்லை, கிடைத்ததைச் சொன்னாள். "அண்ணே, அன்னைக்கு அந்தத் துணி வெள்ளையா இருந்ததை நான் பாத்தேன். கூட்டத்துல நான் சொல்லியிருக்கணும். நாளைக்குச் சொல்றேன். உங்ககிட்ட..." ஏகாம்பரம் கண்ணை எடுக்கவில்லை. இடது கையை மட்டும் பின்பக்கமாக உயர்த்தி, பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் கண்டக்டர் காட்டுவாரே அந்த மாதிரி, அவளை நிறுத்தினார். "சித்த சும்மா இருங்க மேடம்" என்றார். "மூலை மூடுது." அமலி பக்கத்தில் கிடந்த குட்டை ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள், தன்னுடைய முறைக்காக.